அவைத் தந்தை மாவலங்கர்

நாடாளுமன்றம் கூடும் நாள்களில், மறைந்த உறுப்பினரின் பெயரை அவைத் தலைவர் அறிவித்து, அவர் ஆற்றிய தொண்டைச் சுருங்க எடுத்துரைப்பார். பின்னர் அவை முழுவதும் எழுந்து மௌனமாக நிற்கும். ஆளும் கட்சியாயினும் எதிர்க் கட்சியாயினும் அந்தச் சில நொடிகளில் வேறுபாடு இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் இக்கடமையை முதன்முதலில் ஏற்றவர் கணேஷ் வாசுதேவ் மாவலங்கர்.

இரத்தினகிரிப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட மராட்டியக் குடும்பத்தில் 1888 நவம்பர் 27 அன்று பரோடாவில் பிறந்தார். அகமதாபாத்தில் பட்டம் பெற்று, பம்பாயில் சட்டம் பயின்று, 1913-இல் அகமதாபாத்திலேயே வழக்கறிஞரானார். அந்நாளில் குஜராத் கிளப்பில் வழக்கறிஞர்கள் கூடிச் சீட்டாடுவது வழக்கம். ஒருநாள் காந்தியடிகள் அங்கு வந்தபோது, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாவலங்கர் அவரைக் காண எழுந்தார். ஆடிக்கொண்டிருந்த வல்லபபாய் படேலோ, கோதுமையில் கல் பொறுக்கத் தெரியுமா என்றுதான் அந்த மனிதர் கேட்பார் எனக் கேலி செய்தார். கேலி செய்தவரே பிற்காலத்தில் அம்மகானின் வலக்கரமானார் என்பது நாடறிந்த செய்தி. கேடா சத்தியாக்கிரகம் முதல் மாவலங்கரும் அவ்வழியே நடந்தார்.

அகமதாபாத் நகராட்சியில் நெடுங்காலம் உறுப்பினராகவும், இருமுறை தலைவராகவும் இருந்தார். 1935-இல் சேட் கஸ்தூர்பாய் லால்பாய் முதலியோருடன் இணைந்து அகமதாபாத் கல்விச் சங்கத்தை நிறுவினார். நம் சமூகத்தின் பெருஞ்செல்வரும் ஒரு வழக்கறிஞரும் கைகோத்து எழுப்பிய அச்சங்கம், அந்நகருக்குப் பல கல்லூரிகளை அளித்தது. இவ்வுறவு வாசகர்க்கு மகிழ்வு தரும் என்பதாலேயே இங்குக் குறித்தோம்.

விடுதலைப் போரில் பன்முறை சிறை சென்றார். அங்குக் கொடுங்குற்றம் புரிந்த கைதிகளோடு பழகி, அவர்களுடைய உள்ளத்திலும் ஈரம் ஊறக் கண்டார். அந்த அனுபவங்களையே குஜராத்தி மொழியில் நூலாக்கினார். சட்டமன்றச் சாதனைகளைவிட இந்நூலே அவர் உள்ளத்தை நன்கு காட்டுகிறது என்பது எம் எண்ணம்.

1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தலைவரானார். 1946 ஜனவரியில் தில்லி மத்திய சட்டமன்றத்தின் தலைவர் தேர்தலில், அரசின் ஆதரவு பெற்றிருந்த வேட்பாளரை மூன்றே வாக்குகளில் வென்றார். 1952 மே 15 அன்று முதல் மக்களவையின் தலைவரானபோது அவருக்குக் கிடைத்தவை 394 வாக்குகள். எதிராக விழுந்தவை 55. நியமச் சட்டங்களை ஆராயும் குழு, அமைச்சர்கள் அளிக்கும் வாக்குறுதிகளைக் கண்காணிக்கும் குழு ஆகியவை அவர் காலத்தில் தோன்றின. அவையைக் கூட்டாமல் அவசரச் சட்டங்களால் ஆள்வது மக்களாட்சிக்கு ஒவ்வாது என்று 1954-இல் பிரதமர் நேருவுக்கே எழுதினார். நேரு அதனை முழுதும் ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மாவலங்கரையே பதவியிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானம் எதிர்க் கட்சியினரால் கொண்டுவரப்பட்டுத் தோற்றது. அரசை அஞ்சாது இடித்துரைத்தவர்மீது, அரசின் பக்கம் சாய்கிறார் என்ற குறையும் எழுந்தது. நடுவராக நிற்பவர் இரு புறத்தின் மனக்கசப்பையும் தாங்க வேண்டியிருக்கிறது.

1948 பிப்ரவரித் தொடக்கத்தில் காந்தியடிகளுக்கு அவை அஞ்சலி செலுத்தியபோது தலைமை ஆசனத்தில் இருந்தவர் அவரே. 1950 டிசம்பர் 15 அன்று படேல் மறைந்தபோதும் அப்பொறுப்பு அவரிடமே இருந்தது. கிளப்பில் வந்து நின்றவருக்கும் கேலி பேசியவருக்கும், அன்று எழுந்து சென்றவரே அவையின் சார்பில் விடை கொடுக்க நேர்ந்தது. சொந்தத் துயரை அடக்கிக்கொண்டு நாட்டின் துயரைச் சொல்வது எளிதன்று. 1953-இல் எதிர் வரிசையின் பெருந்தலைவர் சியாம பிரசாத் முகர்ஜி மறைந்தார். அவருக்கும் அவை குறைவின்றி மரியாதை செய்தது.

1956 பிப்ரவரி 27 அன்று, தம் 67-ஆம் வயதில், பதவியில் இருக்கும்போதே மாவலங்கர் அகமதாபாத்தில் காலமானார். வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த வேளை அது. எத்தனையோ பேருக்காக எழுந்து நின்ற அவை அவருக்காகவும் நின்றது. நேரு அவரை மக்களவையின் தந்தையெனப் போற்றினார். அவரால் வெறுமையான அகமதாபாத் தொகுதிக்கு அவர் மனைவி சுசீலா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடன் துணைத் தலைவராக இருந்த, திருப்பதியைச் சார்ந்த அனந்தசயனம் அய்யங்கார், மார்ச் மாதத்தில் அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.