லிப்டன் காட்டிய வழியும் விட்ட குறையும்

விளைவிப்பவனுக்கும் வாங்கி உண்பவனுக்கும் இடையே நிற்கும் வர்த்தகனுடைய தர்மம் யாது என்று ஆராய விரும்புவோர்க்கு, ஸர் தாமஸ் லிப்டனின் ஜீவிய சரித்திரம் நல்லதொரு பாடமாகும்.

அவர் 1848-ம் வருஷத்தில் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோர், அந்நாட்டுக் குடியானவர்களிடமிருந்து வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் தருவித்துச் சிறு மளிகைக் கடை நடத்தினர். இளம் வயதிலேயே பள்ளியை விட்டு அமெரிக்கா சென்ற லிப்டன், பல கூலி வேலைகள் பார்த்து, நியூயார்க் கடையொன்றில் வியாபார நுணுக்கங்களைக் கற்றுத் திரும்பினார். 1871-ல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார்.

தரகரை விலக்கிக் குடியானவரிடமே ரொக்கத்துக்குக் கொள்முதல் செய்வதும், குறைந்த லாபத்தில் மிகுதியாக விற்பதுமே அவருடைய வழி. இதனால் விளைவித்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒருங்கே நன்மை உண்டாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. கடைகள் நாடெங்கும் பெருகின.

1890-ல் அவர் இலங்கைக்கு வந்தார். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்துவிட்டபடியால் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. ஹப்புத்தளைக்கருகிலுள்ள தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கி, தேயிலையை எடையிட்ட சிறு பொட்டலங்களாக்கிக் குறைந்த விலைக்கு விற்றார். பிரிட்டிஷ் தொழிலாளியின் வீட்டிலும் நல்ல தேநீர் கிடைத்தது.

அந்த மலிவின் பாரத்தைச் சுமந்தவர் யார்? அந்நாளில் இலங்கை மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோர் நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்ற ஏழைகள். கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தது. அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. பொட்டலத்தின் மீது துரையின் பெயர் இருந்தது. பறித்தவளின் பெயர் எங்கும் இல்லை.

1898-ல் ஸர் பட்டம் பெற்ற லிப்டன், 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கோப்பைப் படகுப் பந்தயத்தில் ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோல்வியிலும் புன்னகை மாறாத பெருந்தன்மையால் புகழ் பெற்றார். 1931-ல் காலமானபோது தம் செல்வத்தின் பெரும் பகுதியைப் பிறந்த நகரத்துக்கே விட்டுச் சென்றார். அவர் தயாள சிந்தையுடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தர்மம் வேறு, நியாய விலை வேறு.

பல தரகர் இருந்த காலத்தில் குடியானவன் ஒருவரை விட்டு மற்றொருவரிடம் போகலாம். தரகரை விலக்கிய கடையே பேருருக்கொண்டு நின்றபின் அவன் எங்கே போவான்? இந்த ஆபத்தைப் பிரிட்டன் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. ஒப்பந்தத்தைப் பின்னர் தம்மிஷ்டம்போல் மாற்றுவதையும் பணம் தரத் தாமதிப்பதையும் தடுக்கும் விதிகளை 2010-ல் பெரிய மளிகை ஸ்தாபனங்களுக்கு விதித்தது. அவற்றை மேற்பார்வையிட 2013-ல் தனி அதிகாரியையும் ஏற்படுத்தியது. புகார் செய்பவர் யாரென்பதை அவ்வதிகாரி இரகசியமாக வைத்திருக்க வேண்டுமென்பது சட்டம். சிறு வியாபாரி பேரங்காடிக்கு எவ்வளவு அஞ்சுகிறான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

நேர் கொள்முதல் நல்லதே. அதோடு எழுத்திலான ஒப்பந்தமும், காலந்தவறாத பணமும், அச்சமின்றி முறையிடும் உரிமையும் சேர வேண்டும். இல்லையேல் வாங்குவோன் மகிழும் மலிவு, விளைவிப்போன் வயிற்றிலிருந்து எடுத்ததாகவே முடியும்.