மதுரைக்கு மகன், வேங்கிக்கு மருமகன்! ராஜேந்திர சோழன் நாடாண்ட கதை

வரதராஜன்பேட்டையிலிருந்து தெற்கே புறப்பட்டால் ஜெயங்கொண்டம் வரும். அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவில் கோபுரம் கண்ணில் படும்.

இன்று அது சிறிய ஊர். கோவில்தான் மிச்சம். அதன் மதில் கற்களைக்கூட 1836-ல் கொள்ளிடத்தில் அணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டை 1980 முதல் தோண்டிப் பார்த்ததில், செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. மதுரைக்கும், இலங்கைக்கும், கோதாவரிக் கரைக்கும் இந்த ஊரிலிருந்து உத்தரவு போயிற்று. உத்தரவு போட்டவன் ராஜேந்திர சோழன்.

அந்தக் காலத்தில் தந்தி இல்லை, ரயில் இல்லை. ஓலையும் குதிரையும் கப்பலும்தான் உண்டு. ஒரு நாட்டைப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த நாட்டை வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. அதை அவன் எப்படிச் செய்தான்?

அப்பன் பழக்கிய பிள்ளை

ராஜேந்திரன், தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜனின் மகன். தாய் வானவன் மாதேவி.

ராஜராஜன் தான் உயிரோடு இருக்கும்போதே, 1012-ல், மகனைத் தனக்கு இணையாக அரசனாக்கினான். இரண்டு ஆண்டு தகப்பனும் மகனும் சேர்ந்து ஆண்டார்கள். 1014-ல் தகப்பன் கண்ணை மூடியபோது, நாட்டில் குழப்பம் இல்லை. சாவிக்கொத்து ஏற்கெனவே மகன் கையில் இருந்தது.

ராஜேந்திரனும் அதையே செய்தான். 1018-ல் தன் மகன் ராஜாதிராஜனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

மதுரையில் சோழ பாண்டியன்

பாண்டிய நாடு அடங்காத நாடு. சோழர் அடித்தால் குனியும். சற்றுக் கண் அயர்ந்தால் நிமிரும். பராந்தக சோழன் காலத்திலேயே பாண்டிய மன்னன் தன் மகுடத்தை இலங்கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். மகுடம் கைக்கு வராதவரை பாண்டிய நாடு முழுதும் வந்ததாகாது என்று சோழர் கருதினார்கள்.

ராஜேந்திரன் மதுரையில் அரண்மனை கட்டி, தன் மகன் ஒருவனை அங்கே ராஜப்பிரதிநிதியாக வைத்தான். அவனுக்குச் சோழ பாண்டியன் என்று பட்டம். அவன் பெயர் ஜடாவர்மன் சுந்தர சோழ பாண்டியன். ஜடாவர்மன் என்பது பாண்டியர் வைத்துக்கொள்ளும் பெயர்! வந்தவன் சோழன், ஆனால் மதுரை மக்களுக்குப் பழகிய பெயரோடு வந்தான். கல்வெட்டுகளில் தன் ஆட்சி ஆண்டையே போட்டுக்கொண்டான். சேர நாடும் அவன் பார்வையில் இருந்தது.

சோழரின் செப்பேட்டு முத்திரையைப் பார்த்தால் இது விளங்கும். நடுவே புலி. பக்கத்திலே பாண்டியரின் இரண்டு மீன். சேரரின் வில்லும் உண்டு.

வேங்கியில் வேறு வழி

கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் பாயும் தெலுங்கு நாட்டுக்கு வேங்கி என்று பெயர். அங்கே கீழைச் சாளுக்கியர் ஆண்டார்கள். ராஜேந்திரன் அவர்களை விரட்டவில்லை. அங்கே மகனையும் அனுப்பவில்லை.

ராஜேந்திரனின் தங்கை குந்தவையை வேங்கி மன்னன் விமலாதித்தனுக்கு முன்பே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்தவன் ராஜராஜ நரேந்திரன். அவனுக்கே ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கை தேவியைக் கொடுத்தான். தங்கை பிள்ளையும் அவனே. மகளைக் கட்டியவனும் அவனே. இரண்டு வகையிலும் மருமகன்! நம் வீடுகளில் நடக்கிற சம்பந்தம்தான். இங்கே அதற்குச் சீதனம் சோழப் படையின் துணை.

அந்தத் துணை தேவையாகத்தான் இருந்தது. விமலாதித்தனின் இன்னொரு மகன் விஜயாதித்தன், மேலைச் சாளுக்கியரின் ஆதரவோடு அரியணைக்குப் போட்டியிட்டான். சோழப் படை போய்த்தான் 1022-ல் நரேந்திரன் முடிசூட முடிந்தது. பிறகும் சண்டை ஓயவில்லை. கலிதிண்டி என்ற ஊரில் சோழத் தளபதிகள் மூவர் மாண்டார்கள். அவர்கள் நினைவாக நரேந்திரன் அங்கே மூன்று கோவில்கள் எழுப்பினான்.

ரோமாபுரிச் சக்கரவர்த்திகளும் இப்படித்தான் செய்தார்கள். சில நாடுகளுக்கு ரோமிலிருந்து கவர்னரை அனுப்பினார்கள். சில நாடுகளில் உள்ளூர் அரசனையே விட்டுவைத்து, தங்கள் சொல் கேட்க வைத்தார்கள். யூதேயாவின் ஏரோது மன்னன் அப்படி இருந்தவன். ஆனால் மகளைக் கொடுத்து மாமன் ஆகும் வழி நம்மூர் வழி.

இலங்கையில் நடந்தது

இலங்கையின் வட பகுதியை ராஜராஜன் காலத்திலேயே சோழர் பிடித்துவிட்டார்கள். பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் மாறிற்று. இலங்கைக் கிராமங்கள் சிலவற்றின் வருமானம் கடல் தாண்டித் தஞ்சைக் கோவிலுக்கு வந்தது.

1017-ல் ராஜேந்திரன் படை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்தது. அவன் முடியும், ராணியும், பாண்டியன் விட்டுப்போன மகுடமும் சோழர் கைக்கு வந்தன. மகிந்தன் சோழ நாட்டில் 12 ஆண்டுகள் கைதியாக இருந்து, 1029-ல் அங்கேயே இறந்தான்.

இங்கே மருமகன் இல்லாத கதை. உள்ளூர் ராஜ வம்சத்தைத் தூக்கி எறிந்தாயிற்று. படையை வைத்து ஆள வேண்டியதுதான். தன் தாயின் பெயரில் வானவன் மாதேவி ஈஸ்வரம் என்று பொலன்னறுவையில் எழுந்த கற்கோவில் இன்றும் நிற்கிறது. ஆனால் தெற்கே ரோகண நாட்டு மக்கள் மகிந்தனின் சிறு மகனை ஒளித்து வைத்து வளர்த்தார்கள். சோழப் படை தேடியும் சிக்கவில்லை.

கங்கைக்கும், 1025-ல் கடாரத்துக்கும் போன படைகள் வென்றன, திரும்பின. அந்த நாடுகளில் ஆளவென்று அவன் யாரையும் உட்கார வைக்கவில்லை. அத்தனை தூரத்தைக் கட்டி ஆள முடியாது என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கங்கைத் தண்ணீர் மட்டும் குடம் குடமாக வந்தது. சோழகங்கம் என்ற ஏரி வெட்டப்பட்டது. இன்று பொன்னேரி என்கிறார்களே, அதுதான்.

ஓர் உத்தரவின் பயணம்

சோழ நாட்டுக்குள் நிர்வாகம் எப்படி? மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று பிரிவுகள். ஊர்ச் சபையே வரியைத் திரட்டிற்று.

மன்னன் வாயால் சொன்னது உடனே சட்டம் ஆகிவிடாது. திருமந்திர ஓலை எழுதுபவர் அதை எழுதுவார். மேலதிகாரிகள் பார்ப்பார்கள். வரிக்கணக்கு அதிகாரிகள் பதிவு செய்வார்கள். பிறகுதான் நாட்டார் கைக்குப் போகும். ராஜேந்திரன் தன் 6-வது ஆட்சி ஆண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோவிலுக்குக் கொடுத்தபோது, ஒரு பெண் யானையை ஊர் எல்லையைச் சுற்றி நடக்க விட்டார்கள். அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். எல்லாவற்றையும் 31 செப்பேடுகளில் எழுதி, வளையத்தில் கோத்து, புலி முத்திரை வைத்தார்கள். ஒரு கிராமத்துக்கு இத்தனை கணக்கு!

1044-ல் ராஜேந்திரன் மறைந்தான். ராணி வீரமாதேவியும் உடன் உயிர் நீத்தாள் என்று பிரம்மதேசம் கல்வெட்டு சொல்கிறது. அவள் தாகம் தணிய, அவள் சகோதரன் தண்ணீர்ப் பந்தல் வைத்தான்.

மகன்கள் மூவர் அடுத்தடுத்து ஆண்டார்கள். 1070-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கையில் விஜயபாகு சோழரை விரட்டிப் பொலன்னறுவையைப் பிடித்தான். இங்கே சோழ வம்சத்தின் நேர் வாரிசு அற்றுப்போயிற்று. அப்போது வேங்கியிலிருந்து ஒருவன் வந்தான். அவன் அம்மங்கை தேவியின் மகன். தாத்தாவின் பெயரே அவனுக்கும், ராஜேந்திரன். குலோத்துங்க சோழன் என்று பட்டம் பெற்று, தாத்தா கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியணை ஏறினான்.