உழைப்பே சான்று

பாலக்காடு மாவட்டத்தில், மண்ணார்க்காட்டிற்கு வடக்கே, நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்கு மூலையில் பசுமை மாறாக் காடு ஒன்று விரிந்து கிடக்கிறது. குந்திப்புழை ஆறு அதன் நடுவே ஓடுகிறது. சோலைமந்திகள் வாழும் அக்காட்டிற்கு அமைதிப் பள்ளத்தாக்கு என்பது பெயர். 1970களில் மின்சாரம் பெறுவதற்காக அவ்வாற்றின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டனர். அணை எழுந்தால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கிவிடும். அக்காட்டைக் காக்க முன்வந்தவர்களுள் எண்பது வயதை எட்டிய மூதாட்டி ஒருவரும் இருந்தார். அவரே தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். தம் உழைப்பை உடனிருந்தோர் மதியாத காலத்தும் பணியைக் கைவிடாத அப்பெருமாட்டியின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதிபதியாகப் பணியாற்றியவர். இயற்கையின்பால் பெரிதும் ஈடுபாடு கொண்டவர். அவ்வீடு உடன்பிறந்தார் பலர் நிறைந்த பெரிய குடும்பம். பெண்களுக்குத் திருமணமே முதற்கடமை எனக் கருதப்பட்ட அக்காலத்தில், ஜானகி கல்வியைத் தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்றுக் கடல் கடந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1931ஆம் ஆண்டு அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பித் திருவனந்தபுரத்தில் தாவரவியல் பேராசிரியராகச் சிறிது காலம் பணிபுரிந்தார்.

கரும்புத் தோட்டத்தில்

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் கோயம்புத்தூர். அங்கே 1912ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934ஆம் ஆண்டு ஜானகி அம்மாள் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். சாறு மிகுந்த இனிய கரும்பு வகைகள் வெளிநாடுகளிலிருந்து வந்தவை. நம் நாட்டின் தட்பவெப்பத்தையும் நோய்களையும் தாங்கும் வலிமை அவற்றிற்குக் குறைவு. ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணலோ இனிப்பற்றது; ஆயினும் எதையும் தாங்கவல்லது. இவ்விரண்டையும் கலந்து புதிய வகைகளை உருவாக்குவதே அந்நிலையத்தின் பணி. எதனை எதனோடு கலந்தால் பயன் விளையும் என்பதை அறிய, அச்செடிகளின் செல்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணி ஆராய்தல் வேண்டும். நுண்ணோக்கியின்முன் பல மணி நேரம் அமர்ந்து செய்யவேண்டிய அப்பணியை ஜானகி அம்மாள் ஏற்றார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுச்செடி ஒன்றையும் உருவாக்கினார். உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' இதழில் அவ்வாய்வு 1938ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முன்பே, 1935ஆம் ஆண்டு, சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

வெளியுலகம் போற்றிய அவரை உடன் பணியாற்றிய ஆடவர் பலர் தமக்கு நிகராக ஏற்கவில்லை. அவர் பெண், திருமணம் செய்துகொள்ளாதவர், தாழ்ந்ததாக அக்காலத்தோர் எண்ணிய சமூகத்தில் பிறந்தவர். இம்மூன்றும் அவருடைய அறிவிற்குக் குறுக்கே நின்றன. அவர் அதற்காக வாதிட்டுக் காலத்தைப் போக்கவில்லை. கண்டறிந்தவற்றை எழுதி, தம் பெயராலேயே வெளியிட்டு வந்தார். எழுதி வைக்கப்பட்ட ஆய்வை எவரும் இல்லையென்று சொல்லிவிட முடியாதன்றோ? ஆயினும் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 1939ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்திற்குச் சென்றார். அவர் பெயர்ந்ததால் இழப்பு அடைந்தது அவரைப் போற்றாத நிலையமே.

அயல்நாட்டில் மதிப்பு

அவ்வாண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. இலண்டன் மாநகரின்மீது குண்டுகள் பொழிந்தன. அத்தகைய சூழலிலும் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் ஜானகி அம்மாள் தம் பணியைத் தொடர்ந்தார். 1945ஆம் ஆண்டு, சி.டி. டார்லிங்டன் என்னும் பேரறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை வெளியிட்டார். அந்நூலில் இருவர் பெயரும் இடம்பெற்றன. பின்னர் விஸ்லி என்னுமிடத்தில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றினார். அங்கு அவர் ஆராய்ந்து வளர்த்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தாயகம் அழைத்தது

1951ஆம் ஆண்டு பிரதமர் ஜவாஹர்லால் நேரு அழைக்க, ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நாட்டுச் செடிகளை இந்நாட்டிலேயே பாதுகாத்து, இந்நாட்டவரே ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட குறிக்கோள். அதற்கேற்பத் திட்டம் வகுத்தார். ஆனால் 1954ஆம் ஆண்டு, அவ்வாய்வகத்தின் தலைமைத் தாவரவியலாளராகச் சாண்டபாவ் அமர்த்தப்பட்டார். ஸ்பெயினில் பிறந்து இந்தியாவைத் தம் நாடாகக் கொண்ட அப்பாதிரியாரும் சிறந்த அறிஞரே. எனினும் அடித்தளம் இட்டவர் ஒருவர், தலைமை ஏற்றவர் மற்றொருவர் என்றாயிற்று. இது ஜானகி அம்மாளின் உள்ளத்தை வருத்தியது. அவ்வருத்தத்தை அவர் தம் நண்பர் டார்லிங்டனிடம் மறைக்கவில்லை. ஆயினும் வருத்தம் அவர் கைகளைக் கட்டிப்போடவில்லை. 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதனால் புவியின் முகம் மாறுவதை ஆராய அறிஞர் பெருமன்றம் ஒன்று கூடியது. அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி ஜானகி அம்மாளே.

காடே பெரிது

பணி ஓய்வுக்குப் பின்னரும் அவர் ஓயவில்லை. 1970ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் களஆய்வகத்தில் மூலிகைகளை ஆராய்ந்தார். அப்போதுதான் அமைதிப் பள்ளத்தாக்கிற்கு வந்த இடர் அவர் செவியை எட்டியது. வாழ்நாள் முழுதும் தமக்கென உரத்துப் பேசாத அவர், காட்டிற்காகப் பேச முன்வந்தார். நீரில் மூழ்குமுன் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவு செய்யும் அரிய முயற்சியையும் அம்முதிய வயதில் மேற்கொண்டார். 1977ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மக்களும் அறிஞரும் இணைந்து நடத்திய இயக்கத்தின் பயனாக, 1983ஆம் ஆண்டு அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஜானகி அம்மாள் இயற்கை எய்தினார். அதே ஆண்டு நவம்பர் மாதம் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. 1999ஆம் ஆண்டு, வகைப்பாட்டியல் அறிஞர்களுக்கு அவர் பெயரால் நடுவண் அரசு விருது ஒன்றை நிறுவியது.

உடனிருப்போர் நம் உழைப்பைக் காணத் தவறும்போது உள்ளம் வருந்துதல் இயல்பே. அவ்வருத்தத்தை உற்றவரிடம் கூறலாம். தேவையெனில் இடம் மாறலாம். ஆனால் பணியின் தரத்தை மட்டும் குறைத்தல் ஆகாது. மனிதர் மறந்தாலும் செய்த வேலை சான்று பகரும். ஜானகி அம்மாளின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
நிகர் – சமம்
இடர் – துன்பம்
நடுவண் அரசு – மத்திய அரசு

பயிற்சி

1. கரும்பையும் நாணலையும் கலக்க வேண்டிய தேவை யாது?
2. கோயம்புத்தூரில் ஜானகி அம்மாளை உடன் பணியாற்றியோர் ஏற்காமைக்குரிய காரணங்களைக் குறிப்பிடுக.
3. 1954ஆம் ஆண்டு நிகழ்ந்தது என்ன? அதனை அவர் எவ்வாறு எதிர்கொண்டார்?
4. உங்கள் வகுப்பில் எவருடைய உழைப்பேனும் கவனிக்கப்படாமல் போனதுண்டா? அவரைப் பாராட்டி ஐந்து தொடர்கள் எழுதுக.