617 வாக்குகள்

தேர்தலில் தோற்ற மறுநாள் நம்மில் பலர் வாக்காளரைத் திட்டுகிறோம். காசுக்கு மயங்கினான், நன்றி கெட்டவன் என்று வசை பாடுகிறோம். அப்படி நாவெழும் தோழர்கள், கீர் ஹார்டி என்ற சுரங்கத் தொழிலாளியின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

1856-ல் ஸ்காத்லாந்தில், வேலைக்காரப் பெண் ஒருத்தியின் மகனாகப் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்கு எட்டாக்கனி. ரொட்டிக் கடையில் ஏவல் பையனாக இருந்தபோது, வீட்டில் தம்பி நோயில் கிடக்க, வேலைக்குத் தாமதமாக வந்தார். வேலையும் போயிற்று, வாரக் கூலியும் போயிற்று! பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கினார். வளர்ந்ததும் சங்கம் கண்டார். முதலாளிகள் வேலை மறுத்தனர்.

1888-ல் மிட்-லானார்க் இடைத்தேர்தல். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதி. அவர்களில் ஒருவர் ஹார்டி. லிபரல் வேட்பாளரோ வெளியூர் வழக்கறிஞர். முடிவு என்ன? லிபரல் 3,847, டோரி 2,917, ஹார்டி 617!

தொழிலாளியே தொழிலாளியைக் கைவிட்டானே, அறியாமையா? அல்ல. அங்கே குடியேறியிருந்த அயர்லாந்துக்காரனுக்குத் தாயகத்தின் சுயாட்சி உயிர். ஹார்டியும் சுயாட்சியை ஆதரித்தவர்தான். ஆனால் அதைச் சட்டமாக்கும் வலிமை கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சிக்கே உண்டு என்று அவன் கணக்கிட்டான். மற்றத் தொழிலாளிக்கோ, 1884-ல் வாக்குரிமை தந்ததே லிபரல் அரசு. நான்கே ஆண்டில் அதை உதற மனம் ஒப்புமா? வெல்லமாட்டாதவருக்குப் போட்டு வாக்கை வீணாக்குவதா என்ற அச்சம் வேறு!

ஹார்டி முடங்கவில்லை. அதே ஆண்டு ஸ்காத்லாந்துத் தொழிற் கட்சியை அமைக்க முன்னின்றார். 1892-ல், லண்டனை ஒட்டிய தெற்கு வெஸ்ட் ஹாமில் லிபரல் போட்டியின்றி நின்று வென்றார்.

1894 ஜூன் 23. வேல்ஸ் நாட்டுச் சுரங்க வெடிப்பில் 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. காமன்ஸ் சபை குழந்தைக்கு வாழ்த்துக் கூறியது. மாண்டவர் குடும்பங்களுக்கு அனுதாபமும் வேண்டும் என்றார் ஹார்டி, இடம் தரவில்லை. சபையின் கூச்சலுக்கிடையே தனியொருவராக நின்று பேசினார். ஆனாலும் 1895-ல் தோற்றார்.

1898-ல் வேல்ஸ் சுரங்கங்களில் மாதக் கணக்கில் கதவடைப்பு. பசியில் வாடிய தொழிலாளரிடையே போய் நின்றார் ஹார்டி. 1900-ல் அங்குள்ள மெர்தர் டிட்வில் தொகுதியில் நின்றார். போயர் யுத்த வெறி தலைக்கேறிய நேரம். அவரோ யுத்தத்தை எதிர்த்தவர்! இரு உறுப்பினர் தொகுதி அது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. பல்லாயிரவர் ஒன்றைச் சுரங்க முதலாளியான லிபரலுக்கும், மற்றொன்றை ஹார்டிக்கும் போட்டனர். முரண்பாடா? ஒன்று பரம்பரைப் பழக்கத்துக்கு. மற்றொன்று பட்டினி நாளில் உடனிருந்தவருக்கு. 5,745 வாக்குப் பெற்று வென்றார்.

1906-ல் தொழிற் கட்சி 29 இடங்களைப் பெற, அதன் முதல் தலைவரானார். 1907-ல் இந்தியா வந்து, அந்நிய ஆட்சியின் கொடுமையைக் கண்டு கண்டித்தார்.

1914-ல் பெரும்போர் மூண்டது. ஹார்டி எதிர்த்தார். தம் சொந்தத் தொகுதியிலேயே பேசவிடாமல் விரட்டப்பட்டார். 1915 செப்டம்பரில் மறைந்தார். அந்த நவம்பரில் அதே மக்கள், போரை ஆதரித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். கெட்டவர்களாகிவிட்டார்களா? இல்லை, பிள்ளைகள் போர்முனையில் இருந்தனர்!

பழக்கம், வெல்லும் வலிமை, துன்பத்தில் துணை, வீட்டுக் கவலை, இவை அத்தனையையும் நிறுத்துப் பார்த்தே வாக்காளன் சாவடிக்குள் நுழைகிறான். மேடைப் பேச்சு அந்தத் தராசில் ஒரு குன்றிமணி.

617-ல் தொடங்கிய கட்சி 1924-ல் ஆட்சி அமைத்தது. அதைக் காண ஹார்டி இல்லை. ஆகவே தோழர்களே, தோற்ற மறுநாள் திட்டாதீர்கள். தெருவுக்குச் செல்லுங்கள், ஏன் என்று கேளுங்கள், அடுத்த கதவடைப்பின்போது அங்கே இருங்கள்!