ஒரு ரூபாய்ச் சம்பளமும் உயர்நீதிமன்ற நாற்காலியும்

நல்லவாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து படித்த நண்பர்களுக்கும், இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்த மலரில் ஒரு பெரியவரின் கதையைச் சொல்ல ஆசை. அவர்தான் சர் தி. முத்துசாமி ஐயர்.

1832-ல் தஞ்சைச் சீமையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தகப்பனார் போய்விட்டார். திருவாரூரில் கிராமக் கணக்கரிடம் எடுபிடி வேலை, மாதம் ஒரு ரூபாய் சம்பளம். பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த தாசில்தார் முத்துசாமி நாயக்கர், சென்னைக்குப் படிக்க அனுப்பினார். அங்கே பவல் துரை கைதூக்கி விட்டார். தெருவிளக்கில் படித்தவர் என்று ஊரே இன்றும் சொல்லும். முன்சீப், டெபுடி கலெக்டர், மாஜிஸ்திரேட் என்று படிப்படியாக ஏறினார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே பி.எல். பட்டமும் வாங்கினார்.

1878-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அவர் வந்தபோது, வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் கொதித்தன. இந்தியருக்கு இந்த நாற்காலியா என்று எழுதித் தள்ளின. எதிர்ப்பு கிளம்பினால் அறிவித்த பெயரைத் திரும்பப் பெறுவது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். இந்த நியமனமோ நின்றது.

ஆனால், பதில் சொல்ல நம்மவர்களுக்கு ஒரு பத்திரிகை இல்லையே! ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் சேர்ந்தார்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ல் எண்பது பிரதிகளுடன் 'தி ஹிந்து' வார இதழைத் தொடங்கினார்கள். அவர்களில் நாலு பேர் சட்ட மாணவர்கள். அதாவது, நம்ம மாணவர்கள் மாதிரி!

அதே சுப்பிரமணிய ஐயர்தான் 1882-ல் சுதேசமித்திரனைத் தொடங்கி, 1904-ல் பாரதியை அதில் சேர்த்துக்கொண்டார். அந்த பாரதி 1908-ல் நம்ம புதுச்சேரிக்கு வந்தார். எங்கேயோ எழுந்த ஒரு நியமனச் சண்டை எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள்!

முத்துசாமி ஐயர் திட்டியவர்களுக்குத் தன் தீர்ப்புகளாலேயே பதில் சொன்னார். 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். பதவியில் இருக்கும்போதே 1895-ல் காலமானார். சென்னை உயர்நீதிமன்றத்துக்குள் அவர் சிலை வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறது. புதுச்சேரி வழக்குகளும் அந்த நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன.

தம்பி தங்கைகளே, அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தகுதி உள்ளவர் ஒதுக்கப்படும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயைத் திறக்கணும். அந்த ஆறு பேர் செய்தது அதுதான்.