நரம்பின் மின்மொழி கற்ற நாடற்றவர்

சேர் பேர்னாட் கட்ஸ் 1911ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பிறந்தார். தந்தையார் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதர், உரோமத்தோல் வணிகர். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற கட்ஸ், மாணவராயிருக்கும்போதே 1933இல் ஆய்வுப் பரிசொன்றுக்குத் தகுதி பெற்றார். ஆனால் அவ்வாண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். யூதர் என்பதால் பரிசு பகிரங்கமாக மறுக்கப்பட்டது. பேராசிரியர் அப்பணத்தைத் தனிமையிற் கொடுத்தார்.

1935 பெப்ரவரியில் எந்நாட்டுக் குடியுரிமையுமற்றவராக அவர் இங்கிலாந்தை அடைந்தார். அகதி அறிஞர்களுக்கு உதவ முன்னின்ற ஆச்சிபோல்ட் ஹில், இலண்டனிலுள்ள தமது ஆய்வுகூடத்தில் அவருக்கு இடமளித்தார். 1938இல் கலாநிதிப் பட்டம் பெற்ற கட்ஸ், மறு ஆண்டு சிட்னி சென்றார். 1941இற்றான் அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. பின்னர் அவுஸ்திரேலிய விமானப்படையில் ராடார் அதிகாரியாகப் பணியாற்றி, 1946இல் இலண்டன் திரும்பினார்.

கணவாயின் பெருநரம்பிழையில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோருடன் அவர் செய்த ஆய்வுகள் புகழ்பெற்றவை. சோடியம் அயன்கள் உட்பாய்வதாலேயே நரம்பின் மின்துடிப்பு எழுகிறது என்பதை ஹொட்ஜ்கினும் அவரும் 1949இல் நிறுவினர். இலத்திரனியல் பெருக்கியால் மென்சவ்வின் மின்னழுத்தத்தை நிலைப்படுத்தி, அதனூடு பாயும் மின்னோட்டத்தை மூவரும் அளந்தனர். அவ்வழியில் நின்று, 1952இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பை ஒரு மின்சுற்றாகவே வரைந்து காட்டினர். மென்சவ்வு மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவி. அயன்களின் வழிகள் மாறுந் தடைகள். உள்ளும் புறமுமுள்ள அயன்செறிவு வேறுபாடே மின்கலம்.

ஏட்டிலிருந்த அச்சுற்றைப் பொறியியலாளர் பின்னர் பொருளாக்கினர். 1962இல் ஜப்பானியரான நகுமோவும் துணைவரும் அதன் எளிய வடிவமொன்றை இருவாயி கொண்டு அமைத்தனர். 1991இல் மஹோவால்டும் டக்ளஸும் சிலிக்கன் சில்லிலே நரம்புக் கலத்தின் துடிப்பைப் போலச் செய்தனர்.

நரம்பு தசைக்குச் செய்தி கடத்தும் இரசாயனம் சிறுசிறு பொதிகளாக வெளிவருகின்றது என்ற கண்டுபிடிப்புக்காக, கட்ஸ் 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2003இற் காலமானார்.

குடியுரிமைக்காக அவர் காத்திருந்தது ஆறு ஆண்டுகள். அதற்கு முன்பே பட்டமும் பெற்றார், ஆய்வும் செய்தார். முடிவு தெரியாமற் கடிதத்துக்குக் காத்திருக்கும் நம்மவர்க்கு அக்காலத்தின் நீளம் விளங்கும். அவரிடம் திறமை இருந்தது. ஆனால் கதவைத் திறக்க ஹில்லும் இருந்தார். இரண்டும் கூடியமையாலேயே உலகம் பயன்பெற்றது என்பதை நாம் மறத்தலாகாது.