படமெடுத்தவர் படத்தில் இல்லை

சந்திரனில் மனிதன் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு படம். சாம்பல் நிறத் தரையில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் நிற்கிறார். அவரது முகக்கவசம் பொன்னிறமாய் மின்னுகிறது. சிறு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, இவர்தான் நீல் ஆம்ஸ்ட்ரோங் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவர் ஆம்ஸ்ட்ரோங் அல்லர். அவருடன் சென்ற பஸ் அல்ட்ரின். அப்படியானால் ஆம்ஸ்ட்ரோங் எங்கே? அந்த முகக்கவசத்தை உற்றுப் பாருங்கள். அதில் தூரத்தே ஓர் உருவம் சிறிதாகப் பிரதிபலிக்கிறது. கமராவுடன் நிற்கும் அந்தச் சிறிய உருவமே சந்திரனில் முதன்முதல் கால் பதித்த மனிதர்.

நீல் ஆம்ஸ்ட்ரோங் 1930ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாப்பகொனெட்டா என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். தந்தை அரசாங்கக் கணக்காய்வாளர். தொழில் நிமித்தம் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. ஆறு வயது நிரம்புமுன்னரே தந்தையுடன் விமானத்தில் ஏறிப் பார்த்த சிறுவனின் மனம் அன்றே வானத்தோடு ஒட்டிக்கொண்டது. கார் ஓட்டும் அனுமதி பெறுமுன்னரே, 16 வயதில், விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுவிட்டார்.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் கற்கத் தொடங்கியவரைக் கடற்படை அழைத்தது. கொரியப் போரில் 78 தடவைகள் பறந்தார். ஒருமுறை விமானத்தின் இறக்கை ஒரு கம்பியில் மோதி முறிந்தபோது, பரசூட் மூலம் குதித்து உயிர் தப்பினார். பின்னர் படிப்பை முடித்து, புதிய விமானங்களை ஓட்டிப் பரிசோதிக்கும் விமானியானார்.

1962 ஜனவரியில் அவரது இரண்டு வயது மகள் கரன் மூளைக் கட்டியினால் இறந்துபோனாள். அந்தத் துயரத்தை அவர் பிறரிடம் அதிகம் பேசியதில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் விண்வெளி வீரராகத் தெரிவானார். 1966இல் ஜெமினி 8 விண்கலம் கட்டுப்பாட்டை இழந்து பம்பரமாகச் சுழன்றபோதும், 1968இல் பயிற்சிக் கலம் வீழ்ந்து எரிந்தபோதும், அவரது நிதானமே அவரைக் காப்பாற்றியது.

அப்பலோ 11 விண்கலம் 1969 ஜூலை 16ஆம் திகதி புறப்பட்டது. மைக்கல் கொலின்ஸ் தாய்க்கலத்தில் சந்திரனைச் சுற்றிவர, மற்ற இருவரும் இறங்கினர். இறங்கும் வேளையில் கணினி எச்சரிக்கை எழுப்பியது. கீழே பாறைகள் நிறைந்த பள்ளம் தெரிந்தது. ஆம்ஸ்ட்ரோங் தானே கலத்தைச் செலுத்தி, எரிபொருள் தீர்வதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது சமதரையில் இறக்கினார். அவர் ஏணியிலிருந்து கால் பதித்தபோது நம் நாட்டில் ஜூலை 21 காலை எட்டரை மணியளவு.

இறங்கிய சிறிது நேரத்தில் அல்ட்ரின் மேலிருந்து கயிற்றின் வழியே ஹஸல்பிளாட் கமராவை அனுப்பினார். அது நாம் அறிந்த கமரா போன்றதன்று. வெப்பம் தாக்காதிருக்க வெள்ளி நிறம் பூசப்பட்டிருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது. தலைக்கவசம் அணிந்தவர் அதில் எப்படிப் பார்ப்பது? ஆகவே கமராவை நெஞ்சோடு பொருத்திக்கொண்டு, எதைப் படமெடுக்க வேண்டுமோ அதை நோக்கி உடம்பையே திருப்ப வேண்டும். தடித்த கையுறையோடு விசையை அழுத்தினால் மின்மோட்டார் பிலிமை நகர்த்தும். உள்ளே இருந்த கண்ணாடித் தகட்டின் சிறு சிலுவைக் குறிகள் ஒவ்வொரு படத்திலும் பதிந்தன. அவை அலங்காரமல்ல, பின்னர் அளவுகளைக் கணிப்பதற்கானவை. அப்படங்களில் நட்சத்திரங்கள் இல்லையே என்று சிலர் சந்தேகிப்பர. சூரிய ஒளியில் பிரகாசிக்கும் தரையைப் படமெடுக்கக் கமரா கணப்பொழுதே திறந்து மூடும். மங்கலான நட்சத்திர ஒளி பதிய அது போதாது.

சுமார் இரண்டரை மணி நேரம் அவர்கள் வெளியே இருந்தனர். நேரம் முடியும் தறுவாயில் ஆம்ஸ்ட்ரோங் ஏறத்தாழ 60 மீற்றர் தூரம் விரைந்து சென்று ஒரு பள்ளத்தின் விளிம்பிலிருந்தும் படமெடுத்தார். எடுக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை அவரெடுத்தவை. அவரைக் காட்டுபவையோ மிகச் சில. அவற்றிலும் ஒன்றில் முதுகைக் காட்டியபடி வேலை செய்துகொண்டிருக்கிறார். அதை அவர் குறையாகக் கருதவில்லை. தோழரே படத்துக்கு அழகானவர் என்று வேடிக்கையாகச் சொல்லிவிடுவார். திரும்பும்போது பாரத்தைக் குறைக்க அந்தக் கமராவை அங்கேயே விட்டு, பிலிமை மட்டும் கொண்டுவந்தார்கள்.

நம்மவரிடையே இவரைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. சந்திரனில் அவர் பாங்கோசை கேட்டார், பின்பு எகிப்தில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்பதே அது. நானும் அதைக் கேட்டு மகிழ்ந்து, தோழியருக்குச் சொன்னவள்தான். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவரே மறுத்திருக்கிறார். 1983இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களமும் எவர் மனமும் புண்படாதபடி அம்மறுப்பைத் தெரிவித்தது. அதை அறிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தேன். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. அதற்குப் பெருமை சேர்க்கப் பொய்யான கதை எதற்கு? நிலவைப் படைத்தவனின் வல்லமைக்கு நிலவே போதிய சாட்சியல்லவா?

உலகப் புகழ் பெற்ற பின்னரும் ஆம்ஸ்ட்ரோங் அதை விற்றுப் பிழைக்கவில்லை. 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றினார். தன் கையொப்பம் விலைக்கு விற்கப்படுவதைக் கண்டு கையொப்பமிடுவதையே நிறுத்தினார். 2012 ஓகஸ்ட் 25ஆம் திகதி, 82ஆவது வயதில் காலமானார். அவரது மறைவின் பின் வீட்டு அலுமாரியில் ஒரு வெள்ளைப் பையை மனைவி கண்டெடுத்தார். சந்திரனில் இறங்கியதைப் பதிவுசெய்த சிறிய திரைப்படக் கமரா அதனுள்ளே இருந்தது.

தன்னை முன்னிறுத்தியே ஒவ்வொரு படத்தையும் எடுக்கும் காலம் இது. மனிதகுலத்தின் மிகப் பெரிய பயணத்திலே கமராவைத் தன் பக்கம் திருப்பாமல், தான் கண்டதை நமக்குக் காட்டியவர் ஆம்ஸ்ட்ரோங். அவர் இருந்தபடியே அவரை நினைவுகூர்வதுதான் நாம் செய்யும் நன்றி.